சட்டத்தரணியாகப் போகும் பிள்ளைக்குச் சங்கம் என்ன செய்யும்?

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் லயத்தில் முதலில் கேட்கிற கேள்வி, "டீச்சிங் கெடைக்குமா?" என்பது. அடுத்தது, "கொழும்புல ஏதும் வேல பாக்கலாமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். நானும் ஆசிரியைதான், அந்தத் தொழிலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை. "இந்தப் பிள்ளை சட்டம் படிச்சா என்ன?"

படிக்கிற மூளை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஆனால் சட்டத்தரணி என்றால் கடன் வாங்கியாவது காசு கொடுத்துப் பார்க்கப் போகும் ஆள் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நம் லயத்திலிருந்து அப்படி ஒருவர் புறப்படுவார் என்று மனதில் படுவதில்லை.

மலையகத்திலிருந்து சட்டத்தரணிகளாக வந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் பலர் தாய் தகப்பன் நகை அடகு வைத்து, அண்ணன் தம்பி படிப்பை விட்டு, ஒரு குடும்பமே வாயைக் கட்டி உருவாக்கியவர்கள். அவர்களுக்கு மாலை போடுகிறோம். மாலை போடுவதற்கு முந்திய பத்து வருடத்தில் நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் என் கேள்வி. தோட்டத்துப் பிள்ளை சட்டத்தரணியாவது நம் எல்லோருக்கும் தேவையான காரியம். எனவே அதன் சுமையில் ஒரு பங்கைச் சங்கம் எடுக்க வேண்டும்.

சம்பளம் எங்கே தீர்மானமாகிறது?

முன்பு சம்பளம் என்றால் கூட்டு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம். இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2021இல் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. 2024இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், ஜூலை மாதம் வர்த்தமானியை நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவு வந்தது.

மலையில் கொழுந்தெடுத்த கைக்கு எவ்வளவு என்ற வழக்கு புதுக்கடையில், ஆங்கிலத்தில், கறுப்புக் கோட்டுப் போட்டவர்களுக்கு இடையில் நடக்கிறது. நாம் டீவிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கம்பனிப் பக்கம் எத்தனை பெரிய சட்டத்தரணி வந்தாலும் அது அவர்களுடைய உரிமை. நம் பக்கம் நிற்பவர்களில் பிரட்டுக் களம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்?

பெரிய வழக்கை விடுங்கள். தினமும் நடப்பதைப் பார்ப்போம். பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். 30 வருடம் மலையேறிய ஒரு அம்மாவுக்கு அது 420 நாள் சம்பளம். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? "ஆபீஸ்ல குடுத்தத வாங்கிட்டு வந்தேன் டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். கணக்குச் சரியா என்று கேட்க ஆள் இல்லை.

வேலையை நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "துரைக்கிட்ட பேசிப் பாக்கலாம்", "திருவிழா முடியட்டும்", "புதுத் துரை வரட்டும்" என்று ஆறு மாதம் ஓடிவிடுகிறது. அதன்பின் நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு மூடியிருக்கும். சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்பதால் அலையும் தாத்தாமாரும் இருக்கிறார்கள். 7 பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாமல் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் சட்ட வேலை.

'அரைப்பேர்' என்று சொன்னால் புரிய வேண்டும்

மலையக நகரங்களில் நீதிமன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் மனுச் செய்யலாம். நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பும் கேட்கலாம். இது உரிமை. ஆனால் மொழிபெயர்ப்பு வார்த்தையை மாற்றித் தரும்; வாழ்க்கையை மாற்றித் தராது.

ஒரு தொழிலாளி சாட்சிக் கூண்டில் நின்று, "கங்காணி அரைப்பேர் போட்டுட்டாரு" என்கிறார். அதை 'அரைநாள் சம்பளம் கொடுத்தார்' என்று மொழிபெயர்த்தால், கேட்பவர் என்ன நினைப்பார்? அரைநாள்தான் வேலை செய்திருக்கிறார் போலும் என்று நினைப்பார். காலையில் ஏறி மாலை வரை மழையில் நின்றும், கம்பனி சொன்ன கிலோ வரவில்லை என்பதற்காகப் பாதி வெட்டினார்கள் என்று அந்த மொழிபெயர்ப்பில் வராது. அந்த இடத்தில் எழுந்து, "இவர் முழுநாள் மலையில் நின்றார், செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று சொல்ல, அரைப்பேர் விழுந்த வீட்டில் இரவு என்ன சமையல் என்று தெரிந்த ஒரு சட்டத்தரணி வேண்டும். வெளியிலிருந்து வரும் நல்ல சட்டத்தரணிக்கு இதையெல்லாம் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை.

நம்மைப் பற்றிப் பேசிய சட்டங்கள்

நம் வரலாற்றையே சட்டங்களின் பட்டியலாக எழுதலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறையை 1921இல்தான் சட்டம் தடுத்தது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டுக் கோடாகன் பிள்ளை என்பவர் போட்ட வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து நம்மைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியிருந்த நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வந்தது.

இத்தனை சட்டத்திலும் நாம் பேசப்பட்டவர்கள். பேசியவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள். நமக்காக நின்றவர்களை மறக்கக் கூடாது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் இறந்தபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன்னால் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த நன்றி நமக்கு இருக்கிறது. ஆனால் அது நடந்து எண்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் யாராவது வந்து நிற்பார்கள் என்று காத்திருப்பதா?

நமக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு

பலருக்குத் தெரியாத ஒரு விடயம்: தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகப் பேச சட்டத்தரணிதான் வேண்டும் என்றில்லை. கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. நம் சங்கத்தின் மூத்த பிரதிநிதிகள் சிலர் அங்கே எழுந்து, தோட்ட நிர்வாகியைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார்கள். பட்டம் இல்லை, கோட்டு இல்லை. கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வேலையை மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் சட்டக் கல்வி இங்கேயே தொடங்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் கதவுக்கு அடுத்த கதவு இருக்கிறது. நியாய சபையில் தொழிலாளி வென்றால் கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கே சங்கப் பிரதிநிதி எழுந்து வாதாட முடியாது. வருடக் கணக்கில் வழக்கை நடத்தி வென்ற மனிதர் அந்த வாசலில் வெளியே நிற்பார். முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கோவை போகும். அந்த இடைவெளியை நம் பிள்ளைகள்தான் நிரப்ப வேண்டும்.

என்னென்ன வழிகள்

ஒரு வழி, கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கை சட்டக் கல்லூரி. உயர்தரத்துக்குப் பிறகு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். தெரிவானால் மூன்று வருடப் படிப்பு. இன்னொரு வழி, கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிப்பது. பட்டம் எடுத்தவர்களும் பிறகு சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுத வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் இருக்கிறது. எந்த வழியால் போனாலும், ஓர் அனுபவமுள்ள சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் சட்டத்தரணி. தகைமை நிபந்தனைகளை ஒவ்வொரு வருட அறிவித்தலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பேச்சை நம்பி விட்டுவிடாதீர்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்தானே" என்று சில பிள்ளைகள் விண்ணப்பமே போடுவதில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டும் என்று 2020 இறுதியில் ஒரு வர்த்தமானி வந்தது உண்மை. அந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்ததும் உண்மை. முதல் செய்தி லயம் வரை வந்தது. இரண்டாவது செய்தி வரவில்லை. அதற்காக ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பரீட்சையைத் தமிழில் எழுதினாலும் தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டும். மலையகத்தில் சிங்களமும் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் நகரத்துக் கடைகளில் நின்றே சிங்களம் பேசப் பழகியவர்கள். அது ஒரு முதல்தான்.

தடுக்கி விழும் இடம்

படிப்பை விட வழிச்செலவுதான் நம் பிள்ளைகளைத் தடுக்கிறது. கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு. ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. சத்தியப்பிரமாணம் முடிந்த மறுநாளே கட்சிக்காரர் வந்து வரிசையில் நிற்கப் போவதுமில்லை. முதல் சில வருடம் மூத்த சட்டத்தரணி ஒருவரின் பின்னால் கோவை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் அப்பா சோறு போடுவார். நம் வீட்டில் அதே வயதுப் பிள்ளை கடையில் நின்றால் மாதாமாதம் காசு அனுப்பும். அம்மாவின் மனம் அந்தக் காசைத்தான் எண்ணும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது, ஆள் தெரியாமை. எந்தச் சீனியரிடம் போவது, எப்படிக் கேட்பது, கறுப்புக் கோட்டை எங்கே தைப்பது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. சட்டத்தரணிகள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. "கொழும்புல தனியா எப்படி விடறது?" என்ற கேள்விக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்டாமல், "பயப்படாதீங்க" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. கலைப் பிரிவில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெண்கள். மலையில் கொழுந்தெடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பிரசவச் சகாயம், மலையிலும் ஸ்டோரிலும் நடக்கும் தொந்தரவு, வீட்டு வன்முறை என்று ஓர் ஆணிடம் சொல்லத் தயங்கும் வழக்குகள் எத்தனை!

எதிர்ப்பேச்சுகளுக்குப் பதில்

"படிச்சவன் திரும்பி வரமாட்டான்" என்பார்கள். சிலர் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தனியாக ஏறிப்போன பிள்ளை தன் கடனைத்தான் முதலில் அடைக்கும். சங்கம் கை கொடுத்து ஏற்றிய பிள்ளையிடம், 'மாதத்தில் ஒரு நாள் காரியாலயத்தில் வந்து உட்கார்' என்று கேட்கச் சங்கத்துக்கு முகம் இருக்கும். கொடுக்காமல் கேட்க முடியாது.

"முதல்ல சம்பளத்த வாங்கித் தாங்க, அப்புறம் லோயர பாக்கலாம்" என்றும் கேட்கலாம். சம்பளமே நீதிமன்றத்தில் நிற்கும்போது இரண்டையும் பிரிக்க முடியுமா? கூட்டமாகத் திரளும் பலத்துக்குப் பதிலாகச் சட்டத்தரணியை நான் முன்வைக்கவில்லை. ஆயிரம் பேர் ரோட்டில் நின்றாலும் மனுவை ஒருவர்தான் எழுத வேண்டும். மனு எத்தனை அழகாக இருந்தாலும் பின்னால் ஆயிரம் பேர் இல்லாவிட்டால் கம்பனி அசையாது.

மூன்றாவது பேச்சை யாரும் வெளியில் சொல்வதில்லை. சட்டம் தெரிந்த பிள்ளைகள் வந்தால் தலைவர்மாரைக் கேள்வி கேட்பார்கள் என்ற பயம். கேட்கட்டும். சந்தாக் கணக்கைக் கேட்கிற பிள்ளைதான் நாளைக்குக் கம்பனியின் கணக்கையும் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தால் நாம் சங்கம் நடத்தத் தேவையில்லை.

நான் கேட்பது நான்கு

முதலாவது, ஒவ்வொரு மாவட்டக் காரியாலயமும் உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைத் தொழில் நியாய சபைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எமது பிரதிநிதி வழக்குப் பேசுவதை ஒரு முறை பார்த்த பிள்ளைக்குச் சட்டம் வேறு உலகமாகத் தெரியாது. கோவை அடுக்கவும், கடிதம் எழுதவும், பணிக்கொடைக் கணக்குப் பார்க்கவும் அந்த மாதங்களில் பழக்கலாம். அதில் சிலர் சங்கப் பிரதிநிதிகளாகவே நின்றாலும் நமக்கு நட்டமில்லை.

இரண்டாவது, சந்தாவில் ஒரு சிறிய பங்கைச் சட்டக் கல்வி நிதியாக ஒதுக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் 500 அங்கத்தவர், தலைக்கு மாதம் 10 ரூபாய் என்று வையுங்கள். 5,000 ரூபாய். பத்துத் தோட்டம் சேர்ந்தால் மாதம் 50,000. வருடத்துக்கு 6 இலட்சம். ஒரு பிள்ளையின் பயிற்சிக் காலத்துக்கு அது பெரிய கை. இந்தப் பணம் யாருடைய தயவாகவும் போகக் கூடாது. விண்ணப்பம், தெரிவுக் குழு, வருடாந்தக் கணக்கு மூன்றும் இந்தப் பத்திரிகையிலேயே வெளிவர வேண்டும்.

மூன்றாவது, கொழும்பில் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக நம்பகமான தங்குமிடம். புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்து, பொறுப்பான ஒருவரை வைத்தால் போதும்.

நான்காவது, சங்கத்தின் வழக்குகளை நடத்தும் மூத்த சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையைப் பயிலுநராக எடுங்கள். கட்டணம் கொடுத்து வழக்குத் தரும் சங்கத்துக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

உதவி பெற்ற பிள்ளை சட்டத்தரணியானதும் ஐந்து வருடம், மாதம் ஒரு நாள், மாவட்டக் காரியாலயத்தில் இலவசமாகத் தொழிலாளரைப் பார்க்க வேண்டும். வேறு நிபந்தனை வேண்டாம். எந்தக் கட்சி, எந்தச் சங்கத்து வீட்டுப் பிள்ளை என்று பார்க்கவும் வேண்டாம்.

இவற்றைத் தலைமைக் காரியாலயம் தானாகச் செய்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டக் கமிட்டி கேட்டால்தான் மாவட்டம் அசையும். மாவட்டம் கேட்டால்தான் தலைமை அசையும். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் வேலை இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பாடத்தை 'வராது' என்று ஒதுக்கும் பிள்ளைகளை இழுத்து உட்கார வைக்க வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தை விட்ட பிள்ளைக்குப் பின்னால் பல கதவுகள் திறப்பதில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம், கோயில் மண்டபமோ பிள்ளை மடுவமோ கிடைத்தால், படிப்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறோம்.

அம்மாமாரே, அப்பாமாரே, நியாயம் கேட்டு விடாமல் பேசும் பிள்ளையை "வாயாடி" என்று அடக்குகிறோம். அந்தப் பிள்ளை எங்கே எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் அது நமக்காகப் பேசும். உங்கள் டிவிசனில் அப்படி ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுங்கள். "இந்தப் பிள்ளைக்குச் சங்கம் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்படும் வரை எழுந்து வராதீர்கள்.